டயருக்குள் போட்ட பட்டை

எண்பதுகளின் நடுவில், ஜவ்வாது மலைக் கிராமங்களில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நர்ஸாக இருந்தேன். அடிவாரத்தில், ஒடுகத்தூரில் பஸ் கூரைமேல் சைக்கிளை ஏற்றி, மலைமேல் இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதையில் மிதிக்க வேண்டும். சாமை முற்றும் சமயத்தில் அந்தப் பாதை டயருக்கு எமன். மாடு புகாமலிருக்க நிலத்தைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வேலி போட்டிருப்பார்கள். காற்றடித்தால் பாதி வேலி பாதையில்தான் கிடக்கும்.

அதற்கு அங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. பழைய டயரின் ஓரக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, மிச்சப் பட்டையை நம் டயருக்குள் டியூபைச் சுற்றிப் போடுவது. முள் பட்டையோடு நின்றுவிடும். ஆனால் பட்டையின் இரண்டு நுனியையும் கத்தியால் சீவி மெல்லிசாக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நுனியே டியூபை அறுத்துவிடும். அடிவாரத்து சைக்கிள் கடைக்காரரிடம் பட்டை போடக் கொடுத்து, நுனியைச் சீவியாச்சா என்று கேட்டுத்தான் வண்டியை வாங்கினேன். "சீவியாச்சி நர்சம்மா, தைரியமா போங்க" என்றார்.

அன்று போக வேண்டிய ஊரில் தாய்மார்களைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எல்லோரையும்விட அதிகமாக முரண்டு பிடித்த ஒரு பெண்தான் கடைசியில் மற்றவர்களையும் சேர்த்திருந்தாள். அறுவடையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

பஸ் தாமதம். மருந்து சூடேறாமலிருக்க பிளாஸ்க்கில் போட்டிருந்த ஐஸ் பாதி கரைந்திருந்தது. பாதி வழியில் பின் டயர் புஸ்ஸென்று இறங்கியது. முள்தான் என்று நினைத்து வேலி போட்டவர்களைத் திட்டிக்கொண்டே பஞ்சர் ஒட்டினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடியும் டியூபில் அதே இடத்தில் போனது. டயருக்குள் கையை விட்டுத் துழாவினேன். முள் இல்லை. பட்டையின் நுனி, சீவாமல், தடியாக, கத்தி மாதிரி நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டையை உருவி எடுத்துக்கொண்டு, சைக்கிளைப் புதரில் தள்ளிவிட்டு, பிளாஸ்க்கோடு ஓடினேன்.

ஊருக்குப் போய்த் திறந்து பார்த்தால், ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது. சூடேறிய மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். ஆனால் பார்க்க அப்படியேதான் இருந்தது. கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் மருந்தை மண்ணில் ஊற்றினேன்.

அந்தப் பெண் கொதித்துப்போனாள். "இன்னா நர்சம்மா, அறுப்ப வுட்டுட்டு கொழந்தைய தூக்கினு வந்து குந்திகினு கீறோம். நீ மண்ணுல ஊத்திட்டு போறியா? உன் சைக்கிள் ஓடலன்னா எங்க கொழந்தைங்க இன்னா பண்ணும்?"

அவள் கோபத்தில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

மலையிறங்கியதும் நேராக சைக்கிள் கடைக்குப் போய் அந்தப் பட்டையை வீசியெறிந்தேன். அவர் சிரித்தார். "ஒரு பஞ்சருக்கா இம்மாங் கோவம்? உள்ள கீறத யாரு பாக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன்." நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். அவர் மட்டும் கடைசிவரை அடுத்த வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

இனி அந்த ஊரில் ஒருத்தியும் வரமாட்டாள் என்றே நினைத்தேன். மறுமுறை மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிறுத்தத்தில் என்னைத் திட்டிய அந்தப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கூடை, அதற்குள் ஈரத்துணி. முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"உன் சைக்கிள நம்பி நாங்க குந்திகினு இருக்க முடியாது. மருந்த இங்க குடு" என்று பிளாஸ்க்கை வாங்கி ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். குறுக்குப் பாதையில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். நான் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, மர நிழலில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தாய்மார்கள். மூடியைத் திறந்தேன். ஐஸ் கட்டி கட்டியாக இருந்தது.

"உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் சுர்ரென்று ஏறுகிறது. என்னுடைய அந்தக் கோபம் ஆறவே வேண்டாம் என்று, கோபம் குறையாமலே கூடையோடு எனக்கு முன்னால் நடந்துபோன அவளை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.