சாட்சி சொல்ல எழுந்த ஞாயிறு

எங்கள் தீவில், ஹேடோ துறைமுக குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைதான் அப்போது எங்கள் கோயில். குருவானவர் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர் பீடத்தில் நின்று அச்சடித்த பிரசங்கத்தை வாசிப்பார். கப்பல் தாமதித்தால் போன மாதத்துப் பிரசங்கமே மறுபடியும் வரும். பெண்கள் பேச இருந்த ஒரே வழி சாட்சி. முக்காடு போட்டு, உட்கார்ந்த பாயிலேயே எழுந்து, கர்த்தர் செய்த நன்மையை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

நான் இரண்டு வார்த்தையில் நிற்கிற ஆளா? என் சாட்சி அரைமணி நேரம் ஓடியது. ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை முதலில் ஓடிவந்து சொன்னது பெண்கள்தானே, அவர்களை யார் உட்காரச் சொன்னது என்று கேட்டேன். அதைக் கேட்கவே தொலைவிலிருந்த புரோத்ராபூரிலிருந்து பெண்கள் நடந்து வந்தார்கள்.

மூப்பருக்குப் பொறுக்கவில்லை. என் கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. அங்கே பத்துப் பேர் முன்னால் அவரிடம், "பீடத்த உம்ம பொண்டாட்டிக்கே குடுத்திரலாமாவே?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் கணவர் மூட்டை கட்டும் கயிற்றோடு வீட்டுக்கு வந்தார்.

"இனி கோயில்ல வாயத் தொறப்பியாட்டி?"

"தொறப்பேன்."

உதடு கிழிந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. அரிவாள்மணை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வெட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிரசங்கம் செய்கிறவள் இப்படி நினைக்கலாமா என்பவர்கள் அந்தக் கயிற்றை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். வரும் ஞாயிறு நான் எழுந்து நிற்காவிட்டால் இனி எந்த ஞாயிறும் நிற்கமாட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மூப்பர் புதுச் சட்டம் போட்டார்.

"சாட்சிங்கிற பேர்ல பிரசங்கம் வேண்டாம். இந்த வாரம் அவங்கவங்க வீட்ல நடந்தத மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான், பஸ்" என்று இந்தியில் முடித்தார்.

சோறு குழைந்ததையும் மீன் கிடைத்ததையும் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்திருப்பார். நான் எழுந்து முக்காட்டை எடுத்தேன்.

"இந்த வாரம் எங்க வீட்ல நடந்தது இதுதான் ஐயா."

ஆண்கள் பக்கத்திலிருந்து கணவர் பாய்ந்து வந்தார். காதோடு சேர்த்து ஒரு குத்து. பாயில் விழுந்தேன். விலாவில் மிதித்தார். ஒரு ஆண்பிள்ளைகூட எழுந்து வரவில்லை. மூப்பர், "எல்லாரும் கண்ண மூடி ஜெபிப்போம்" என்றார். ஆண்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்கள் சனத்துக்கு ஜெபம் முடியும்வரை கண்ணைத் திறப்பது பாவம்.

பெண்கள் மூடவில்லை. புரோத்ராபூர்க்காரி ஒருத்தி கணவரின் மணிக்கட்டைக் கடித்தாள். நான்கு பேர் முடியையும் சட்டையையும் பிடித்து அவரை வெளியே இழுத்துத் தள்ளிக் கதவைத் தாழிட்டார்கள். அவர் தகரத்தை உதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூப்பர் சமாதானத்துக்காக ஜெபித்தார், கப்பலுக்காக ஜெபித்தார், மழைக்காகவும் ஜெபித்தார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபிறகு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். முடித்தால் கண்ணைத் திறக்க வேண்டுமே. நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பீடத்தில் ஏறி அவர் பக்கத்தில் நின்றேன். வாயிலிருந்த ரத்தம் அச்சடித்த பிரசங்கத்தில் சொட்டியது.

"ஆமென்" என்றேன்.

ஆண்கள் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.