திரும்பி வராத நாய்கள்

செல்லப் பிராணிகளின் நோய்களைக் கணக்கெடுக்கும் ஆபீசில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. நகரத்துக் கால்நடை மருத்துவமனைகள் வாராவாரம் அனுப்பும் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தத் தெருவில் எந்த நோய் தலைதூக்குகிறது என்று வரைபடம் போட வேண்டும். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘புள்ளிவிவரம்’. வைத்தவள் அக்கா.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. பழக்கமா அது, பாவம்! வைத்தியம் பார்த்துப்போன நாயோ பூனையோ பதினைந்து நாளில் மறுபடி வராவிட்டால், ‘முடிவு’ என்ற கட்டத்தில் ‘குணம்’ என்று போட்டுவிடுவார்கள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு நகராது. வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்தான். ஆயிரக்கணக்கான பேருக்கு யார் போடுவது? செத்த நாயை எவன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வருவான் என்று ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. இவள் மண்டையிலும்தான்.

பெருமழைக்குப் பிறகு வாய்க்கால் தெரு நாய்கள் வரிசையாக வந்தன. காய்ச்சல், வாந்தி, மஞ்சள் பூத்த கண். எல்லாம் ஒரே ஒரு தடவை வந்தவை, எல்லாவற்றுக்கும் ‘குணம்’. அதில் ஒரு வரி, அக்காவின் துரை. பெயர்தான் துரை, ஆள் சொறிபிடித்த தெருநாய். அதைப் பார்த்ததும் போனை எடுத்தாள். ஆனால் அம்மாவின் தையல் மிஷின் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு பேருக்கும் ஒரு மாதமாகப் பேச்சில்லை. ‘மூத்தவள்தானே, அவளே முதலில் கூப்பிடட்டும்’ என்று போனை வைத்துவிட்டு ‘குணம்’ என்று தட்டினாள்.

நாலாம் நாள் அக்கா புருஷன் கூப்பிட்டார்.

“உங்க அக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்மா. கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சக்காமாலைன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“துரை எப்படி இருக்கு மாமா?” வாய் தானாகக் கேட்டது.

“அது செத்து ரெண்டு வாரமாச்சே! கடைசி வரைக்கும் அதோட மூத்திரத்தை வெறுங்கையாலதான் துடைச்சா.”

அவள் வாய்க்கால் தெருப் பட்டியலை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் பார்த்துவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். எலிக்காய்ச்சல், நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். மருந்து மாற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன.

அன்று சாயங்காலம் அக்கா கண் திறந்தாள்.

“ஏண்டி புள்ளிவிவரம், ஒரு போன் பண்ணக்கூடாதா? துரை செத்தன்னிக்கு உன் நெனப்புதான். நீதான மொதல்ல கூப்பிடணும்னு நானும் வீம்பா இருந்துட்டேன்.”

இரண்டு நாளில் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து ஆபீசுக்கு வந்தவள் முதல் வேலையாக வாய்க்கால் தெருப் பட்டியலில் இருந்த முப்பத்தொரு வீட்டுக்கும் போன் போட்டாள். “உங்க நாய் எப்படி இருக்குங்க?” இருபத்தேழு செத்திருந்தன. இரண்டு வீட்டில் மனிதர்களுக்கும் காய்ச்சல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல இத்தனை சாவையும் ஒற்றைச் சொல்லில் மறைத்திருக்கிறார்கள்.

சாவுகளை ஏற்றியதும் வரைபடம் சிவந்தது. மறுநாளே அந்தத் தெருவுக்கு மருந்தோடு ஆட்கள் போனார்கள். அதிகாரி அவள் மேஜைக்கே வந்தார்.

“நல்லவேளைம்மா, நீ கண்டுபிடிச்ச. இல்லன்னா இன்னும் எத்தனை பேரோ.”

“நான் இல்ல சார்,” என்றாள். “எங்க அக்கா.”

அவர் போனதும் துரையின் வரியைத் திறந்தாள். ‘குணம்’ என்பதை அழித்து ‘இறப்பு’ என்று அடித்தாள். கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போனது.