பாதி மழையைக் கருவேப்பிலைக்கு ஊத்தின வருசம்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. அந்தக் குடுவையை நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும், பின்னாலேயே வெக்கமும் வரும்.

ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருசம் இருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்க ஊருக்கு யுனிவர்சிட்டியில இருந்து ரெண்டு பேர் வந்தாக. ஒருத்தர் மழையைப் படிச்ச சார். கூட வந்த பிள்ளை, மழை மாறுனா சனங்க பொழப்பு என்னாகுதுன்னு படிக்கிறவ. ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான், எந்தக் கண்மாயை முதல்ல தூர் வாரணும்னு சர்க்காருக்கு எழுதுவாகளாம். எங்க கண்மாய் மண்ணு மேவி, வேலிக்கருவை மண்டிக் கிடந்துச்சு. அதை நம்பித்தான் என்னோட ஒரு குறுக்கம் நெலம்.

என் வாசல்ல மழை அளக்குற குடுவையை நட்டாக. காலையில அதுல உள்ள தண்ணியைக் கண்ணாடிக் குழாய்ல ஊத்தி, எத்தனை கோடு ஏறுதோ அத்தனை கோடு நோட்டுல இழுக்கணும். எனக்கு அம்புட்டுப் பெருமை. செவலைக் கோழி ஒண்ணு கிடந்துச்சு, அதுக்கு அந்தக் குடுவை மேல ஏறி நிக்கணும். அதை வெரட்டுறதே எனக்குப் பாதி வேலை.

அடுத்த வீட்டு மதினிதான் ஆரம்பிச்சா. நோட்டோட வாரவுககிட்ட நல்ல மழைன்னு காட்டுனா நிவாரணம் எப்படி வரும்னா. முந்தி ஒருக்கா தாலுகாவுல இருந்து வந்தவுககிட்ட எவனோ நல்ல மழைன்னு வாய் விட்டு, வறட்சிப் பணத்துல ஊரே விட்டுப்போச்சு. அதுல இருந்து நோட்டைக் கண்டா எங்க ஊர்ல மழை கொறஞ்சிரும். எனக்கும் அவ சொன்னது சரியாப் பட்டுச்சு. பாதித் தண்ணியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டு மிச்சத்தை அளந்தேன். செடி அந்த வருசம் தழைச்ச தழைப்பு இருக்கே!

தை மாசம் ரெண்டு பேரும் திரும்ப வந்து, வாசல்ல உக்காந்து நோட்டைப் பாத்தாக. இம்புட்டுக் கொஞ்ச மழைக்கு இந்தக் கண்மாயைத் தூர் வாரி பிரயோசனமில்லைன்னார் சார்.

அந்தப் பிள்ளை ஒத்துக்கிடலை. என் மருமக வெடிக் கம்பெனியில வேலை பாக்குறா. மழைன்னா வெடி காயாது, கம்பெனியை மூடிருவாக. மூடுன நாளையெல்லாம் இந்தப் பிள்ளை அவகிட்ட கேட்டு எழுதி வச்சிருந்துச்சு.

"ஐப்பசியில ஆறு நாள் சேந்தாப்புல மூடியிருக்கு சார். உங்க நோட்டுல தூறல்தான் இருக்கு."

"கூலி போச்சுன்னு அந்தம்மா கூட்டிச் சொல்லியிருப்பாங்க."

மருமக அப்பத்தான் வேலை முடிஞ்சு வாரா. கையெல்லாம் வெள்ளிப் பொடி. பொய்க்காரின்னு சொன்ன மாதிரி அப்படியே நின்னுட்டா. மதினி வேலிக்கு அங்கிட்டு இருந்து கண்ணைக் காட்டுறா, வாயைத் தொறக்காதேன்னு.

"அவ பொய் சொல்லலைய்யா. நாந்தான் பாதியைக் கொட்டிட்டு அளந்தேன்."

சார் பேனாவை எடுத்து, நான் இழுத்த கோடு மேலெல்லாம், பக்கம் பக்கமாக் குறுக்க அடிச்சார். எந்த நாள்ல எம்புட்டுக் கொட்டுனீகன்னு கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

"இந்த வருசம் உங்க ஊரைச் சேர்க்க முடியாது ஆச்சி. இன்னொரு மழைக்காலம் அளக்கணும்."

குடுவையைப் பிடுங்கிட்டுப் போயிருவார்னு நெனச்சேன். விட்டுட்டுப் போனார். மருமக ஒரு வாரம் என் கூடப் பேசலை. பெறகு அவளே காலையில வந்து, குழாயைச் சாய்க்காமப் பிடிங்க அத்தேன்னா.

அடுத்த ஐப்பசியில பேஞ்சது பாருங்க, அப்படி ஒரு மழை. குழாய் நெறைஞ்சு நெறைஞ்சு வருது. ஒரு சொட்டு சிந்தாம அளந்து கோடு இழுக்கேன், மனசு அம்புட்டுக் குளுந்து கிடக்கு. ஒரு நாள் மழைக்கே ஒரு பக்கம் பத்தலை. அந்நேரம் தூர் வாராம மேவிக் கிடந்த கண்மாய்ல தண்ணி நிக்க எடமில்லாம, மிச்சத் தண்ணி வெளியேறுற கலிங்கு வழியா வீணா வைப்பாத்துக்கு ஓடுற சத்தம் என் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.