ஒற்றை ஆள் அசெம்பிளி

அந்தப் பள்ளிக்கூடம் மூன்று இடம் பார்த்துவிட்டது. முதலில் மாதா கோயிலுக்குப் பின்னால் சாமான் கிடங்கில் இருபது பையன்கள். அப்புறம் ஒரு மர வியாபாரி தானமாகக் கொடுத்த நிலத்தில் சிவப்புக் கட்டடம். பதினோரு வருஷத்துக்கு முன் ஊருக்கு வெளியே, லிஃப்ட் வைத்த நாலு மாடி. பெஞ்சு, மணி, மாதா சுரூபம், சோதனைக்கூடத்து எலும்புக்கூடு எல்லாம் லாரி ஏறின. பியூனை மட்டும் ஏற விடவில்லை.

காரணம், மர வியாபாரி எழுதிவைத்த பத்திரம். பள்ளி நாள் தவறாமல் காலையில் அந்த நிலத்தில் ஜெபம் சொல்லி, வருகைப் பதிவு எடுக்கும்வரைதான் நிலம் பள்ளிக்கு. ஒரு நாள் நின்றாலும் வாரிசுக்கு. மனுஷர் மரம் அறுத்தவர், அளவில் ஏமாறமாட்டார்.

"எத்தன பேர் நிக்கணும்னு அவரு எழுதலையே," என்றார் தலைமையாசிரியரான ஃபாதர். "நீ ஒருத்தன் போதும்ப்பா. பின்னாடி ரூம்ல வாடகை இல்லாம குடும்பத்தோட இருந்துக்கோ."

அன்றிலிருந்து எட்டே முக்காலுக்குக் காலி மைதானத்தில் பியூன் நிற்பார். சிலுவை போட்டு, உரக்க ஜெபம் சொல்லி, பதிவேட்டைத் திறந்து, தன் பேரைத் தானே கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்று தானே பதிலும் சொல்வார். இதே பள்ளியில் எட்டாம் வகுப்பில் மூன்று முறை கோட்டைவிட்டவர், இப்போது நூற்றுக்கு நூறு வருகை! ஒருமுறை காய்ச்சலில் முனகியபடி படுத்திருந்தபோது அவர் மனைவி விடவில்லை.

"நீங்க ஆப்சென்ட்டுன்னா நிலம் போயிடும். போர்வையோட வந்து நில்லுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

பள்ளிக்கு நூற்றாண்டு வந்தது. வரலாறு டீச்சர் விழா மலருக்குப் பள்ளியின் கதையை எழுதினார். அச்சகத்துக்குக் கொண்டுபோகும் வேலை பியூனுக்கு. வழியில் வீட்டில் வைத்த தாளை மனைவி எடுத்து வாசித்தாள்: "பதினோரு ஆண்டுகளாக அவ்வளாகம் மௌனத்தில் உறைந்து கிடக்கிறது."

"உங்களையும் சேர்த்துல்ல உறைய வச்சுட்டாங்க!"

"சிரிக்காத. இந்த ஒரு வரி வாரிசு கண்ணுல பட்டா போதும், நாம தெருவுல."

அப்படியே தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், இந்த வரிய எடுத்துடுங்க."

"அண்ணே, மலருக்கே உயிர் அந்த வரிதான்! எழுதும்போது அழுதுட்டேன் தெரியுமா?"

"நீங்க அழுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அங்க மௌனமெல்லாம் இல்ல டீச்சர். தெனம் நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்."

சாட்சிக்கு மடித்துக் கொண்டுவந்திருந்த பதிவேட்டை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பேர், ஒரே டிக். டீச்சருக்கு மறுபடி கண் நிறைந்துவிட்டது. "இதத்தாண்ணே நான் எழுதியிருக்கணும்!" என்று அந்த வரியை அடித்துவிட்டு, அவரைப் பற்றி முழுசாக இரண்டு பக்கம் எழுதினார். ஒரு வரியை எடுக்கச் சொன்னவருக்கு இரண்டு பக்கம் வந்து சேர்ந்தது.

மலர் வாரிசின் கண்ணிலும் பட்டது. மறுவாரமே ஒரு காலையில் கேட் அருகே வந்து நின்று, அந்த ஒற்றை ஆள் அசெம்பிளியை முழுசாகப் பார்த்தார். பியூன் ஒரு சொல்லும் விடாமல் முடித்தார்.

வாரிசு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க தாத்தா உங்கள இப்படி வாட்டியிருக்க வேணாம். இனிமே நிபந்தனையே கிடையாது. நிலம் பள்ளிக்கூடத்துக்கே. எழுதிக் கொடுத்துடறேன்."

ஃபாதர் நெகிழ்ந்துபோனார். நிபந்தனை போனது, ஜெபமும் போனது, ஜெபம் சொன்னவருக்குக் கொடுத்த ரூமும் போனது. அவரைக் கௌரவிக்க அந்த ரூமையே நினைவு அறையாக்கினார்கள். கட்டில், போர்வை, அடுப்பு எல்லாம் உள்ளபடியே கயிறு கட்டிய வேலிக்குள்.

வாடகை வீட்டிலிருந்து வந்த மனைவியைப் புது காவலாளி மறித்தான். "தொடாதீங்கம்மா, கண்காட்சிப் பொருள்."

"அது என் கரண்டிய்யா!"

அதே நேரம் பியூன், இனி வேலை அங்கேதான் என்பதால், ரெண்டு பஸ் மாறி நாலு மாடிக் கட்டடத்தை அடைந்தார். கேட் சாத்தியிருந்தது. உள்ளே ஆயிரம் குரல்கள் ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தன. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேருக்கு எதிரே 'தாமதம்' என்று சிவப்பு மையில் விழுந்தது.