ஜெயசீலி அக்கா வியட்நாமிலிருந்து வரமாட்டார்

ஜெயசீலி அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை. வியட்நாமில், ஏதோ ஒரு டவுன் பஸ்ஸில்.

ஜன்னலோர சீட்டாம். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைசி ஸ்டாப் வரை யாரும் எழுப்பவில்லையாம்.

ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். எங்கள் மலையில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தவர்... தன் கொலஸ்ட்ராலை ஒருநாளும் பார்த்ததில்லை. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

தெரியாதவர்களுக்கு: செம்மேட்டு ஆஸ்பத்திரி லேபில் எனக்கு சீனியர். சொந்த ஊர் குழித்துறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடம் பூராவும் லீவு சேர்த்து வைத்து ஒரு வெளிநாடு போவார். இலங்கை, மலேசியா, ஜார்ஜியா... எல்லாம் தனியாகத்தான்.

நான் இதே மலையில் திருப்புலி நாட்டுக்காரன்; நாடு என்றால் இங்கே நாலைந்து ஊர் சேர்ந்தது. பாஸ்போர்ட் கிடையாது. எடுக்கவும் மாட்டேன்.

பயம் என்பார்கள். வசதி இல்லை பாவம் என்பார்கள். அப்பா அம்மாவை விட்டுப் போக மனசில்லை என்று அவர்களாகவே ஒரு காரணம் கட்டிவிடுவார்கள். ஒரு மண்ணும் இல்லை. ஆசை இல்லை, அவ்வளவுதான். சொன்னவுடன் இதை நம்பிய ஒரே ஆள் அக்கா.

"செரி. சிலருக்குப் பலாப்பழம் பிடிக்காதுல்லா, அதுபோல." சொல்லிவிட்டு டியூபில் லேபிள் ஒட்டப் போய்விட்டார். அதோடு முடிந்தது.

ஜார்ஜியா போய் வந்த வாரம், ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா கையை நீட்டியபடியே விசாரணை நடத்தியது.

"ஏனுங்க ஊசிக்காரம்மா, அந்த ஊர்ல குச்சிக்கெழங்கு வெளையுதுங்களா?"

"இல்லம்மா."

"மொளகு?"

"அதும் இல்ல."

"அப்பறம் எதுக்குங்க அத்தன தூரம் போனீங்க?"

லேபே சிரித்தது. அக்காதான் அதிகம் சிரித்தார். ஊசி குத்தியதே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே கேள்வியை நானும் ஒருநாள் கேட்டேன். மழை, கரண்ட் இல்லை, மெஷின் நின்றுவிட்டது. அவர் லீவில் போனால் மொத்த சாம்பிளும் என் தலையில்தான் விழும், அந்த எரிச்சல் வேறு. "நெசமாலுமே எதுக்குங்க்கா போறீங்க?"

"இங்க பஸ்ஸுல ஏறினா, எறங்குறது வரைக்கும் கேப்பாவ மக்கா. கல்யாணம் ஆச்சா, ஏன் ஆவல, வயசான காலத்துல யாரு பாப்பா... ஊருக்குப் போனா அதுக்கும் மேல. வெளிநாட்டுல ஒருத்தி பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் பேசுவா. ஒண்ணும் வெளங்காது. அம்புட்டு நிம்மதி."

"என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலீன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருமுங்க்கா."

"அதாம்டே. நீ இங்க கெட. நான் போயிட்டு வாறேன்."

உண்மைதான். எங்கள் ஊரிலிருந்து செம்மேட்டுக்கு வருவதற்குள் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டு அத்தை வரை, வீட்டில் என்ன சோறு என்று கேட்டுவிடுவார்கள். கேட்காத நாளில் நான் பஸ்ஸில் இருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

முந்தாநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். "எடே, இங்கயும் மொளகும் மரச்சீனியும்தான் கெடக்கு. இதப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தேன்!"

அவர் ஊர் மரச்சீனி, எங்கள் குச்சிக்கிழங்கு, எல்லாம் மரவள்ளிதான். போட்டோவில் மிளகுக்கொடியைக் கல்தூணில் ஏற்றியிருந்தார்கள். மரத்தில் ஏற்றாமல் எதற்குத் தூண் என்று கேட்டேன். "பொறு, நாளைக்கு யார்ட்டயாவது கேட்டுச் சொல்லுதேன்."

அதுதான் கடைசி.

இன்று மதியம் அக்காவின் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, கொண்டு வரணும்னா நாளாவும்னு சொல்லுதாவ. அங்க ஒரு சர்ச்சுல அடக்கம் பண்ணவும் இடம் தாறாங்களாம். எங்களுக்கு ஒண்ணும் ஓடல்ல. உங்கிட்டதான் அவ நெறைய பேசுவா... ஏதாவது சொல்லியிருக்காளா?"

எங்கள் மலையில் இது கேள்வியே இல்லை. கீழே ஆஸ்பத்திரியில் இனி தேறாது என்று சொல்லிவிட்டால், உயிர் இருக்கும்போதே ஆம்புலன்ஸில் போட்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவோம். மூச்சு மேலேதான் நிற்க வேண்டும். ஊரே வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போடும். அப்படிப் போடாமல் அனுப்பினால் அது அடக்கமே இல்லை எங்களுக்கு.

போன வருடம் ஒரு பெரியவரை அப்படி ஏற்றிக்கொண்டு வந்தபோது அக்கா என்னிடம் கத்தினார்.

"சாவப்போற மனுசன இத்தன வளைவுல போட்டு உலுக்கிக் கொண்டு வாறியளே, ஈரம் இருக்காடே? நான்லாம் எங்க விழுதேனோ அங்கயே குழி தோண்டிப் போட்டிருங்க. பொட்டியில அடைச்சு, சாமான் ஏத்துற மாதிரி ஏத்தி அனுப்பப்பிடாது. கேட்டியா?"

"வாயக் கழுவுங்க்கா" என்றேன் நான்.

அண்ணனிடம் 'ஒண்ணும் சொல்லலீங்க' என்று சொல்லியிருக்கலாம். கொண்டுவந்திருப்பார்கள். நான் குழித்துறைக்குப் போயிருப்பேன். முகத்தைப் பார்த்திருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அங்கயே வெச்சிருங்கண்ணா. அக்கா அப்படித்தான் சொன்னாங்க."

ரொம்ப நேரம் அழுதார். நான் போனை வைக்கவில்லை.

நாளைக்கு அடக்கம். வீடியோ காலில் காட்டுவார்களாம். லேப் வாசலில் கொஞ்சம் சிக்னல் வரும்... அங்கேதான் நிற்பேன்.

பார்க்க மட்டும்தான் முடியும். ஒரு பிடி மண் போட முடியாது.

பத்திரமா இருங்கக்கா.