லியோனாவின் இடது கதவு

கனடாவின் கிழக்குக் கரையில், எங்கள் செயின்ட் ஜான் கார் தொழிற்சாலையில் லியோனா ஹாச்சே இடது கதவு மாட்டுவாள், நான் வலது. மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவள். விரலில் அந்த வாடை போகவே இல்லை என்பாள்.

மோதினாலும் ஆள் பிழைக்க வேண்டுமென்று செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓட்டும்போது புகைப்பது ஆபத்தாம். முதலாளி சாம்பல் கிண்ணம்கூட வைக்கவில்லை. நாங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பா மூடியில் சாம்பலைத் தட்டுவோம். கதவு இரண்டும் மேல்நோக்கித் திறக்கும். பிணக் கனம், மோட்டார்தான் தூக்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் மோட்டார் கருகிவிடும்.

லியோனாவின் புருஷன் மர்டோக் டொரண்டோவில் கொத்தனார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித் தூரதேசம் போய்ப் பிழைப்பவர்கள்; கிறிஸ்துமஸுக்குத்தான் பார்க்கலாம். அவனை வீட்டோடு வரவைக்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். ஞாயிறுதோறும் போனில் அதே பாட்டு: இங்கேயே சம்பளம் இருக்கு, வந்துடு. எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் பாகங்கள் வருவது குறைந்தது. அவளும் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழிற்சாலை வாசலில் பெட்டியோடு வந்து நின்றான் மர்டோக். காவல்காரன் அவனுக்கு மச்சான் முறை; உள்ளே விட்டுவிட்டான். வரிசையில் கடைசியாக நின்ற காரில் அவனை உட்காரவைத்து, அவன் பக்கக் கதவை மூடிவிட்டு, தானும் ஏறித் தன் கதவையும் இறக்கினாள் லியோனா. அது முழுக்க இறங்குவதற்குள் அவன் ஆசையாகத் தன் பக்கப் பொத்தானை அமுக்கினான். கருகல் நாற்றம். கை நுழையும் இடைவெளியில் இரண்டு கதவும் நின்றுபோயின. எனக்கு எரிச்சலான எரிச்சல். நெம்புகோலோடு ஓடினேன். நெம்பிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பேச்சு கேட்டது.

"அங்க வேலைய விட்டுட்டேன், லியோனா. ரூமையும் காலி பண்ணிட்டேன்."

அவள் செத்துப்போன பொத்தானை மறுபடி அமுக்கிப் பார்த்தாள்.

"நான் கூப்புடறத நிறுத்துனேனே. அப்பவாவது புரிஞ்சிருக்கக் கூடாதா?"

"மூடப் போறாங்களா?"

"ஆமா."

அவன் சிகரெட் பற்றவைத்தான். சாம்பலைத் தட்ட இடம் தேடினான். நான் டப்பா மூடியை இடுக்கு வழியே நீட்டினேன். வேறென்ன செய்ய?

"சரி விடு. இந்தத் தடவ உனக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும்" என்றான்.

சில நாளில் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. நான்தான் இருவரையும் ரயிலேற்றிவிடப் போனேன். லியோனா அழவில்லை, அலுத்துப்போயிருந்தாள். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். ரயில் கதவைக் கையாலேயே இழுத்துச் சாத்தினாள்.