அம்மாவின் கையில் எழுதியது

பென்சிலின் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்துக்கொண்டது. டாக்டர் மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். "இன்னொரு தடவை போட்டால் பிழைக்கமாட்டார்" என்று சீட்டு எழுதித் தந்தார்.

அப்பாவுக்குத் தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில் வேலை கிடைத்து, அம்மாவும் கப்பலேற இருந்தாள். எனக்கோ போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம். அவளுக்கு எழுத்தும் தெரியாது, அங்கே பேசும் இந்தியும் வராது. அப்பா வேலைக்குப் போன நேரத்தில் காய்ச்சலில் கிடந்தால் யார் எடுத்துச் சொல்வார்கள்?

"சீட்டு நனைஞ்சா போச்சு. தோலு நனைஞ்சா போகுமா? பச்சை குத்திக்கிறேன்" என்றாள் அம்மா.

போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட்டில் பச்சை குத்தும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் படிப்பில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டும்தான். எந்த ஊர்க் கம்பவுண்டருக்கும் புரியட்டும் என்று, பென்சிலின் கூடாது என்பதை ஆங்கிலத்தில் அம்மாவின் கையில் மையால் எழுதினேன். அக்கா அதன்மேலேயே குத்தினாள்.

"புருசன் பேரைக் குத்திக்கச் சொன்னா வலிக்கும்னுட்டா. மருந்து பேருக்குக் கையை நீட்டுறா பாரு!" என்றார் அப்பா.

"உங்க பேரு என்னைக் காப்பாத்துமா?"

அடுத்த மழைக்காலத்தில் அங்கே அம்மாவுக்குக் காலில் ஆணி ஏறிச் சீழ் வைத்துவிட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கள் அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போனார்கள். ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னாள்: "கம்பவுண்டர் மருந்தை ஏத்திக்கிட்டு என் கையைப் புடிச்சாருடா. புடிச்சவரு பச்சையைப் படிச்சுட்டாரு. 'யே நஹி, மாஜி', இது வேணாம்மான்னு ஊசியைக் கீழ வெச்சிட்டாரு."